விதியல்ல, வீதி!

தொழிலாளத் தோழர்களே!

மோட்டார் சைக்கிளில் போனவன் மாண்டால் "விதி" என்கிறார்கள். இல்லையேல் "வேகம்" என்கிறார்கள். வீதியைக் குறை சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வருவதில்லை!

நாம் என்ன சொல் கேளாதவர்களா? 1973இல் தலைக்கவசம் என்றார்கள், அணிந்தோம். 1992இல் பகலிலும் விளக்குப் போடு என்றார்கள், போட்டோம். இன்றும் இந்நாட்டுச் சாலைகளில் மாள்வோரில் பத்தில் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே!

அன்று லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்தோம். செமினி வட்டாரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுத் தாமான்களாகிவிட்டன. நம் பிள்ளைகள் விடியுமுன் லோரிகளுக்கு நடுவே காஜாங், பாங்கி தொழிற்சாலைகளுக்கு ஓட்டிப் போகிறார்கள்.

பரிகாரம் இல்லையா? உண்டு. கோலாலம்பூர்–கிள்ளான் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள். ஷா ஆலாம் பக்கம் அதை நீட்டிய பின் மோட்டார் சைக்கிள் விபத்து 39 விழுக்காடு குறைந்ததென ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அன்று முடிந்தது இன்று முடியாதா?

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தே என்று சொக்சோ சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே இது சங்கத்தின் விவகாரம்! மாண்டபின் குடும்பத்துக்குப் பென்சன் தருவது நியாயம். மாளாமல் வீடு சேர்ப்பது அதனினும் நியாயம்.

காஜாங்–செமினி சாலைக்குத் தனிப்பாதை வேண்டும். இடமில்லாத இடத்தில் தார் போட்ட அகன்ற ஓரமாவது வேண்டும். குழிகள் மூடப்பட வேண்டும். விளக்குகள் எரிய வேண்டும். ஒவ்வொரு கிளையும் தீர்மானம் நிறைவேற்றி, சட்டமன்ற உறுப்பினருக்கும் பொதுப்பணித் துறைக்கும் அனுப்புக!

விதியை மாற்ற நம்மால் ஆகாது. வீதியை மாற்ற ஆகும்!