பனிக்கால மலையும் வழிகாட்டியின் சொல்லும்

மலை நிலத்துக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று நம் இலக்கண நூலார் வகுத்துச் சென்றனர். ஐப்பசி தொடங்கித் தை முடிய உள்ள நான்கு திங்களும் மலையின் காலம். கல்லூரிகளில் சுற்றுலா புறப்படுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே, வெற்றிலைக் கொடிக்கால்களின் நிழலில் வளர்ந்த ஆத்தூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு மலை என்றாலே தனி ஆசை. அந்த ஆசையைக் குறை கூற நான் வரவில்லை. மலைக்குப் போகும் முறையைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

நாம் போகும் முறை யாவரும் அறிந்ததே. ஐம்பது பேருக்கு ஒரு பேருந்து, அதில் காது கிழியும் ஒலிபெருக்கி, நிறுத்திய இடமெல்லாம் புகைப்படம். விலங்கு ஏதேனும் கண்ணில் பட்டால் கூச்சல். படாவிட்டால் "இங்கே ஒன்றுமே இல்லை" என்ற முடிவு. அரைமணி நேரத்தில் ஒரு தேசியப் பூங்காவுக்கே தீர்ப்பெழுதிவிடும் நீதிபதிகள் நாம்! இதற்கு மாறாக, உள்ளூர் வழிகாட்டியுடன் சிறு குழுவாக நடந்து, பனிக்காலத்தில் மலை விலங்குகளைக் காணும் பயணங்கள் நம் நாட்டில் பல இடங்களில் நடைபெறுகின்றன. அவற்றின் உயிர்நாடி வழிகாட்டியே. அவர் சொல்லுக்குக் கட்டுப்படும் மனம் உள்ளவர் போகலாம். இல்லாதவர் போகாமலிருப்பதே மலைக்குச் செய்யும் உதவி என்பது என் துணிபு.

இவ்வகைப் பயணத்துக்குப் பேர் பெற்றது லடாக்கில் உள்ள ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981-இல் அமைந்தது, இந்தியாவின் தேசியப் பூங்காக்களில் பரப்பால் மிகப் பெரியது. அங்கே காண வேண்டியது பனிச்சிறுத்தை. கோடையில் அது எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பனி மூடியதும் அதன் இரையாகிய பரால் என்னும் மலையாடுகள் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்குகின்றன; சிறுத்தையும் பின்னாலேயே இறங்குகிறது. அதன் இணைசேரும் காலமும் ஜனவரி முதல் மார்ச் வரை என்பதால் நடமாட்டம் மிகுதி. ஆகவே, உறைபனியில் உடல் நடுங்கும் அந்தத் திங்கள்களில்தான் பார்வையாளர் அங்கே செல்கின்றனர்.

ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் பயணிக்கு அது அழகிய விலங்கு. பட்டியில் அடைத்த ஆடுகள் ஓர் இரவில் கூட்டமாகச் செத்துக் கிடப்பதைக் காணும் குடியானவனுக்கோ அது எமன். லடாக் கிராமத்தார் ஓநாய்க்கும் சிறுத்தைக்கும் கல்லடுக்கிக் குழிப்பொறிகள் கட்டி வைத்திருந்தனர் என்பதில் வியப்பில்லை. மாற்றம் வந்தது சட்டத்தால் மட்டுமன்று. 2000-க்குப் பின் ரும்பாக் போன்ற சிற்றூர்களில் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஒரு வீட்டுக்கே எல்லா வரும்படியும் போய்ச் சேராதபடி முறைவைத்து விருந்தினரைப் பிரித்துக்கொண்டனர். ஊர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். ஆட்டுப்பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போடப்பட்டது. எமனாக இருந்த விலங்கு, ஊருக்குச் சோறு போடும் விலங்கும் ஆயிற்று. 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பனிச்சிறுத்தைகள் 718. அவற்றுள் லடாக்கில் மட்டும் 477. இந்த எண்ணிக்கை முழுவதும் வழிகாட்டிகளால் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஊரார் பகையாக நிற்கும் இடத்தில் எந்த விலங்கும் நெடுநாள் பிழைப்பதில்லை.

தெற்கே நம் தேனி மாவட்டத்தை ஒட்டிய பெரியாறு காட்டிலும் இதுபோன்று ஒன்று நிகழ்ந்தது. காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளில் சிக்கி உழன்றவர்கள் 1990-களின் இறுதியில் வனத்துறையுடன் இணங்கி, பயணிகளைப் புலித்தடத்தில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாயினர். காட்டின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர்கள் காவலுக்கு வந்துவிட்டால் திருடனுக்கு வேறு வழி ஏது?

வழிகாட்டி என்றதும் மூட்டை தூக்குபவர், முன்னே நடப்பவர் என்று எண்ணுகிறோம். இது பெரும் பிழை. நம் தாமிரவருணி பிறக்கும் பொதிகை மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1987-இல் அம்மலையின் கேரளப் பகுதியில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று காணி மக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு ஏறியது. படித்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார, காணிகள் சிறு கனிகளை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். அது என்ன என்று கேட்டதில் வெளிப்பட்டதே ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை. அதிலிருந்து "ஜீவனி" என்ற மருந்து உருவாயிற்று. அதன் உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடு என்று உலகெங்கும் இது பேசப்பட்டது. அந்த மலைப்பாதையில் ஆசிரியர் யார், மாணவர் யார்?

இனி, வழிகாட்டியும் வனத்துறையும் "வராதே" என்று சொல்லும் காலத்துக்கு வருவோம். மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாட்டின் முதன்மையான புகலிடம்; 2,695 மீட்டர் உயர ஆனைமுடி அதனுள்தான் இருக்கிறது. வரையாடு நம் மாநில விலங்கு. சங்கப் பாடல்கள் "வருடை" என்று குறிப்பதும் இதனையே என்பர். தமிழ்நாடு அரசு 2023-இல் இதற்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் திங்கள்களில், இரவிகுளத்தின் வாயில் பார்வையாளருக்கு மூடப்படும். "இத்தனை தூரம் வந்தும் விடவில்லையே" என்று அங்கலாய்ப்பவர் பலர். நம் பக்கத்து மாணவரும் அவ்வாறு கூறுவதுதான் எனக்கு விளங்கவில்லை. மூடிவைத்தலின் பயனை முத்துக் குளித்த இந்தக் கடற்கரைக்கு மலைநாட்டார் வந்தா சொல்லித்தர வேண்டும்? முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடந்ததன்று. பார்களில் சிப்பியை எடுத்துப் பார்த்து, முற்றவில்லை என்றால் ஆண்டுக்கணக்கில் கடலைச் சும்மா விட்டனர். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அத்துடன் தூத்துக்குடியில் அது நின்றேபோயிற்று. சங்கு குளிப்போரும் அளவு சிறுத்த சங்கை மீண்டும் கடலில் விட்டனர். இன்றும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வயிற்றுப்பாட்டுக்கே தடை ஏற்கும் ஊர்க்காரர்கள், வேடிக்கை பார்ப்பதற்குத் தடை என்றால் முணுமுணுக்கலாமா?

மனித உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. பனி விலகியபின் மலைப்புல் காய்ந்து சருகாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் மாண்டனர். அவர்களில் பலர் நம் வயதினரும் நம்மைவிடச் சற்றே மூத்தவர்களும். அதன் பின்னரே அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு மாநிலத்தில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளைத் தெரிந்தெடுத்து, உள்ளூர் இளைஞரையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்தது. திருநெல்வேலி மாவட்டமும் அதில் அடங்கும். காலம் கடந்து வந்தாலும் நல்ல ஏற்பாடு.

குறைகள் இல்லாமல் இல்லை. பணம் வரும் வழி என்று தெரிந்துவிட்டால் கூட்டம் பெருகும். ஒரு சிறுத்தைக்கு ஐம்பது நிழற்படக் கருவி என்று ஆகிவிட்டால் அது பார்வையிடல் அன்று, முற்றுகை. அப்போது "இதற்குமேல் நெருங்காதீர்" என்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும். பயணி தரும் இனாமை நம்பி வாழ்பவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்? இனாமைத் தவிர்த்து, விலங்கு தென்பட்டாலும் படாவிட்டாலும் குறையாத ஊதியம் அவருக்கு நிலைத்தால்தான் வாய் திறப்பார். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மற்றொன்று, கட்டணம். லடாக் பயணம் நமக்கு எட்டாக் கனி. அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் விடுமுறையில் வாழைத்தோட்ட வேலைக்கோ உப்பளத்துக்கோ போகிறவர்கள். மலையைக் காணும் பேறு காசுள்ளவனுக்கு மட்டும் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன். மாணவர்க்கு வனத்துறை சலுகை தரவேண்டும். ஆனால் அந்தச் சலுகை வழிகாட்டியின் கூலியில் கழிக்கப்படக் கூடாது.

அதற்காக மூணாறுக்கும் உதகைக்கும் ஓட வேண்டியதில்லை. நம் ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால் பாபநாசம். அதற்கு மேல் 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம். அது தேசியப் பூங்கா அன்று, இருந்தால் என்ன? காணி மக்கள் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். நம் வயல் குடிக்கும் நீர் எந்தப் பாறையிடுக்கில் கசிகிறது என்று அறிந்தவர்கள். வழியில், தாமிரவருணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் மாணவர்களும் சேர்ந்துகொள்ளலாம். செலவு பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும்தான்.

ஆதலால் விலங்கியல், தாவரவியல் துறைப் பேராசிரியர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டுச் சுற்றுலாவை ஐம்பது பேர் கூட்டமாக அன்றி, பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, அடைமழை ஓய்ந்த ஜனவரியில் நடத்த வேண்டும். அனுமதிக்கும் காணி வழிகாட்டிகளுக்கும் அம்பாசமுத்திரம் வன அலுவலகத்துக்கு இப்போதே எழுதிவிடலாம். முதல் குழு குளக்கரையில் பறவை எண்ணட்டும், அடுத்த குழு மலை ஏறட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒலிபெருக்கியை மட்டும் ஆத்தூரிலேயே இறக்கி வைத்துவிடலாம்.