உள்ளே மறந்துபோன குழாய்

மாண்புமிகு தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்கள் சமூகத்திற்கு,



சிறுநீரகத்தில் பெரிதாக வளர்ந்துவிட்ட கல்லை எடுப்பதற்கு விலாப்புறத்தில் ஒரு சாண் நீளம் கீறி, நோயாளியை நெடுநாள் படுக்கையில் கிடத்திய காலம் ஒன்று இருந்தது. 1976-இல் சுவீடன் தேசத்து வைத்தியர்களான பெர்ன்ஸ்டிரமும் ஜோஹான்சனும் முதுகில் சிறு துவாரமிட்டு அதன் வழியே கல்லை எடுத்த விதத்தை உலகுக்கு அறிவித்த பின்னர், அந்தச் சிரமம் படிப்படியாகக் குறைந்தது. இன்றோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லையும், மான்கொம்பு போலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தை அடைத்து நிற்கும் கல்லையும், ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள பாதையில் கருவியைச் செலுத்தி உள்ளேயே உடைத்து எடுத்து, சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

என் தமக்கையாரும் அவ்விதம் பிழைத்தவர்தாம். வெயிலில் உப்பு வாரி, ஒதுங்க மறைவிடமில்லாத காரணத்தால் பகல் முழுதும் தண்ணீரைத் தவிர்த்தே முப்பது ஆண்டுகளை உப்பளத்தில் கழித்தவர். சிகிச்சை செய்த வைத்தியர் கைதேர்ந்தவர், அதில் ஐயமில்லை. ஆனால், சிறுநீர் தடையின்றி இறங்கும்பொருட்டுச் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை உள்ளே வைத்த ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும் என்ற செய்தி, டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக இருந்தது. தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அதை வாய்விட்டுச் சொன்னவர் ஒருவருமில்லை. வலி நின்றது, முதுகுப் புண் ஆறியது, அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு வருஷங்கள் கழித்துக் குளிர்ஜுரம் கண்டு எக்ஸ்ரே எடுத்தபோது, குழாயின் கீழ்ச்சுருளைச் சுற்றி எலுமிச்சம்பழப் பருமனில் கல் வெள்ளையாகத் தெரிந்தது. உரிய காலத்தில் சில நிமிஷங்களில் உருவியிருக்கக்கூடிய அந்தக் குழாய்க்காக அவர் இருமுறை மயக்க மருந்து ஏற்க நேர்ந்தது. வெளியே எடுத்த துண்டுகளைத் தட்டில் வைத்துக் காட்டியபோது, "பாத்தியில கிடந்த கயிறு உப்புப் பூத்த மாதிரில்ல இருக்கு, தம்பி" என்றார்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரும் பொருட்செலவு பிடிக்கும் காரியமன்று. ஸ்டென்ட் வைக்கும் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், அரசினதாயினும் தனியாருடையதாயினும், வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் குறிக்கும் தனிப் பதிவேடு இருக்கவேண்டும். எடுத்த பிறகே நோயாளியின் பெயரை அதில் அடிக்க வேண்டும். சீட்டு தமிழில் இருக்கவேண்டும். நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் படித்துக் காட்டவும் வேண்டும். தவணை தப்பியவர்களின் ஜாபிதாவை, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் பணியாளர்களிடம் கொடுத்தால், ஊர்தோறும் நினைவூட்ட ஆள் கிடைத்துவிடும்.

எங்கள் தெருவுக்கும் அத்தகைய பெண்மணி ஒருவர் மாதந்தோறும் வருகிறார். எதிர்வீட்டு மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அந்த இரண்டு வருஷமும் அவர் என் தமக்கையாரின் வாசலைக் கடந்துதான் சென்றார். இந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளி ஒருவரின் தம்பி