ஏட்டில் இரண்டு, இடத்தில் ஒன்று!

2021 மார்ச் 10. பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். நள்ளிரவு கடந்த நேரம். ரைன் ஆற்றோரம் இருந்த ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையத்திலே தீ! ஐந்தடுக்குக் கட்டடம் ஒன்று கருகி ஒழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அது ஆறுதல். ஆனால், கடை விரித்தோர், கணக்கு வைத்தோர், விளையாட்டு நடத்தியோர், எத்தனையோ பேரின் இணையதளங்கள் அணைந்தன. "அஞ்சுவானேன்? காப்புப் பிரதி இருக்கிறதே!" என்று இருந்தவர்களிலே சிலர் தேடிப் பார்த்தார்கள். பிரதி எங்கே? அதுவும் அதே நெருப்பிலே!

தீயைத் திட்டிப் பயனில்லை, தோழர்களே. 'மேகம்' என்று பெயரிட்டார்கள். எங்கோ வானிலே மிதக்கிறது என்று நாமும் நம்பினோம். மேகமா அது? இரும்பு! கம்பி! மின்சாரம்! மேலே கூரை, கீழே தரை!

"எனக்குப் பத்து கணிப்பொறி வேண்டும், தனி வலை வேண்டும், அடுத்தவன் எட்டிப் பார்க்கக் கூடாது" என்கிறார் வாடிக்கையாளர். கொடுக்கிறார்கள், மென்பொருளால் நெய்த மெய்நிகர் வலையை. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வலை. அடியிலே ஓடும் கம்பியோ எல்லோருக்கும் பொது. ஒவ்வொருவர் செய்தியையும் ஓர் உறையிலிட்டு, உறைமேல் வலையின் எண்ணை எழுதி அனுப்புகிறார்கள். பழைய வீலேன் முறையிலே அந்த எண்ணுக்கு 12 பிட்; 4,094 வலைகளோடு சரி. 2014-இல் வெளியான விஎக்ஸ்லேன் நெறிமுறையிலே 24 பிட். ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் வலைகள்! அறிவின் வெற்றி இது. வாழ்த்துவோம், வஞ்சகமில்லை.

ஆனால் எந்த வலையை எந்த இரும்பின்மேல் ஏற்றுவது? அங்கேதான் இருக்கிறது சங்கதி! தலைசிறந்த பொருத்தத்தை எப்போதும் விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி கணித வல்லுநர்களிடமே இன்றுவரை இல்லை. ஆகவே, தோராயமாகப் பொருத்துகிறார்கள். தோராயம் யார் பக்கம் சாயும்? நெருக்கி அடுக்கினால் நிறுவனத்துக்கு இலாபம்: இரண்டு கணிப்பொறிகள் ஒரே பெட்டிக்குள் இருந்தால், அவற்றின் பேச்சுக்குக் கம்பியே தேவையில்லை. பிரித்து வைத்தால் வாடிக்கையாளருக்குக் காப்பு: ஒரு பெட்டி போனாலும் மற்றொன்று மிஞ்சும். இந்த இழுபறியிலே பேனா யார் கையில்? நிறுவனத்தின் கையில்!

"தனித்தனி மண்டலத்தில் வை, தனித்தனி அடுக்கில் வை என்று கேட்கலாமே" என்பார்கள். உண்டு, அந்த வசதியைப் பெரிய நிறுவனங்கள் தருகின்றன, மறுக்கவில்லை. விவரம் தெரிந்தவன் கேட்பான், காசுள்ளவன் பெறுவான். சின்னக் கடைக்காரன்? அவன் திரையிலே இரண்டு பெட்டிகளைக் காண்கிறான். இரண்டு இடம் என்று எண்ணுகிறான். இரண்டுக்கும் ஒரே கூரை என்பதை அவனுக்கு எவர் சொன்னார்?

சிலர் அதற்காக நீதிமன்றம் வரை போனார்கள். தனியிடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தம் சொன்ன காப்புப் பிரதி அதே கட்டடத்தில் எரிந்த ஒரு வழக்கிலே, இழப்பீடு கொடுக்கச் சொல்லி லில் நகர வணிக நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

முழு வரைபடத்தையும் கேட்கவில்லை நாம். திருடனுக்கு வழிகாட்டச் சொல்லவுமில்லை. கேட்பது ஒரே வரி: என் மூலமும் என் பிரதியும் ஒரே கூரையின் கீழா, வேறு வேறு கூரையின் கீழா? அந்த வரியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலே, கண்ணுக்குத் தெரியும் எழுத்திலே அச்சிடட்டும்!