அப்பா படிச்ச காலேஜா? உள்ளே வா!



கவுன்சலிங் சமயத்துல நீங்க எத்தனை சர்டிஃபிகேட்டுக்கு அலைஞ்சிருப்பீங்க? நான் அதிகமா அலைஞ்சது ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட்டுக்குத்தான். ‘எங்க வீட்ல யாருமே டிகிரி முடிக்கலைங்க’னு வி.ஏ.ஓ. முன்னாடி அப்பா சொன்னப்போ, அவர் முகத்துல சின்னதா ஒரு கூச்சம். ஆனா, அந்தப் பேப்பர்தான் என் டியூஷன் ஃபீஸைக் குறைச்சுது.

இப்போ அப்படியே அமெரிக்காவுக்கு வாங்க. ‘எங்கப்பா இதே காலேஜ்லதான் படிச்சார்’னு சொன்னா, சில பெரிய காலேஜ்ல அதுக்கு மவுசு! இதுக்குப் பேரு லெகஸி அட்மிஷன். முதல் தலைமுறை மாணவர்களையும் பல காலேஜ் கணக்குல எடுத்துக்குது. ஆனா, அப்பா பேருக்கு இருக்கிற வெயிட்டே தனி. ஹார்வர்டு மேல நடந்த கேஸ்ல வெளியான பழைய அட்மிஷன் கணக்கைப் பாருங்க. முன்னாள் மாணவர்களோட பிள்ளைகள்ல 100 பேர் அப்ளை பண்ணினா, கிட்டத்தட்ட 33 பேருக்கு சீட். மத்தவங்கள்ல 100-க்கு 6 பேர்!

இந்தப் பழக்கம் 1920-கள்ல வேர் விட்டது. மார்க்கை மட்டும் பார்த்தா யூத மாணவர்கள் நிறைய வந்துடுறாங்கனு, குடும்பம், குணம்னு புதுசா அளவுகோல் வெச்சாங்க. ஆரம்பமே சரியில்ல பாஸ்!

அந்த ஹார்வர்டு கேஸ் வேற விஷயத்துக்காகப் போட்டது. நம்ம ஊர் மாதிரி ‘இத்தனை சதவிகிதம்’னு கோட்டா வைக்கக் கூடாதுனு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1978-லேயே சொல்லிடுச்சு. ஆனா, இனத்தையும் ஒரு விஷயமா கணக்குல எடுத்துக்கலாம்னு விட்டு வெச்சது. 2023 ஜூன்ல அதுவும் கூடாதுனு தீர்ப்பு வந்துடுச்சு. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு அநியாயம் நடக்குதுங்கறதுதான் வழக்கு போட்டவங்க வாதம். அங்கே செட்டிலான நம்ம ஊர்க்காரங்க பிள்ளைகளும் அந்த லிஸ்ட்லதான் வருவாங்க.

தீர்ப்புக்கு அப்புறம், 2024-ல எம்.ஐ.டி.யில சேர்ந்த பேட்ச்ல ஆசிய அமெரிக்கர்கள் 47 சதவிகிதம். முன்னே சராசரியா 13 சதவிகிதம் இருந்த கறுப்பின மாணவர்கள் 5 சதவிகிதம் ஆகிட்டாங்க.

இங்கேதான் கேள்வி எழும்புது. தாத்தா காலத்துல காலேஜ் கதவே திறக்காத குடும்பத்துப் பையனுக்குக் கை கொடுத்தா தப்பு. தாத்தா காலத்துல இருந்தே உள்ளே இருக்கிற குடும்பத்துக்குக் கை கொடுத்தா ஓகேவா?

வேணும்னு சொல்றவங்களும் காரணம் வெச்சிருக்காங்க. முன்னாள் மாணவர்கள் நன்கொடை தர்றாங்க, அந்தக் காசுலதான் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்னு சொல்றாங்க. இன்னொரு வாதம் என்னை யோசிக்க வெச்சது. கறுப்பினத்தவங்க பெரிய காலேஜ்ல படிச்சு முடிச்சு, இப்போதான் அவங்க பிள்ளைகளும் லெகஸி ஆகறாங்க. அந்த நேரம் பார்த்து கதவைச் சாத்தறதாங்கறாங்க.

கலிஃபோர்னியா 2024-ல ஒரு சட்டம் போட்டுச்சு. 2025 செப்டம்பர்ல இருந்து தனியார் காலேஜ்லயும் லெகஸி கூடாது. மீறினா? பேரை ஊரறிய வெளியிடுவாங்க, அவ்ளோதான்! ஸ்டான்ஃபோர்டு என்ன செஞ்சது தெரியுமா? லெகஸியைத் தொடர்றோம்னு 2025-ல அறிவிச்சுட்டு, மாநில அரசு தர்ற ‘கால் கிராண்ட்’ உதவித்தொகையே வேணாம்னுடுச்சு. அந்தப் பணத்தை மாணவர்களுக்கு நாங்களே தர்றோம்னு சொல்லிடுச்சு. கையில காசு இருந்தா சட்டத்துக்கும் பைபாஸ் உண்டு!

எங்கப்பா கூச்சப்பட்ட அந்த நிமிஷம் எனக்கு இப்போ வேற மாதிரி தெரியுது. படிக்காத அப்பாவுக்காக ஒரு சலுகை இருக்குன்னா, அதுல கூச்சப்பட அவருக்கு ஒண்ணுமே இல்ல.

உங்களுக்கு ஒரு கேள்வி. நாளைக்கு உங்க பிள்ளைக்கு அந்த சர்டிஃபிகேட் கிடைக்காது. ஏன்னா, நீங்க படிச்சுட்டீங்க! அப்போ ‘என் காலேஜ்லயே என் பிள்ளைக்கு ஒரு சீட்’னு யாராவது நீட்டினா, வேணாம்னு சொல்வீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. எனக்கே இன்னும் பதில் வரலை!

கொசுறு: எம்.ஐ.டி.யில அப்பா, அம்மா அங்கே படிச்சாங்கங்கறதுக்கு மதிப்பே கிடையாது. அதனால அதோட மவுசு ஒண்ணும் குறையலையே!