பாட்டுண்டு, நாவில்லை!

1952-இல் டில்லி அமைச்சர் கேஸ்கர், வானொலியிலிருந்து திரைப்பாட்டைத் துரத்தினார். தரமில்லையாம்! செல்லூர்த் தறிக்காரர் என்ன செய்தார்? இலங்கை வானொலிக்குத் திருகைத் திருப்பினார். மேலூர்த் தேநீர்க் கடையிலும் மயில்வாகனனார் குரலே மணந்தது. 1957-இல் டில்லி விவித பாரதியைத் திறந்தது, மக்களுக்கு இரங்கியா? தோற்று இறங்கி!

கடல்தாண்டி வந்த அக்குரலைத் தொலைக்காட்சியும் பண்பலையும் மட்டுமா தேய்த்தன? 1983-க்குப்பின் மூண்ட போரும்தான். நம் வீட்டுப் பிள்ளையாயிருந்த அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா கொலையுண்டார்.

இன்று மதுரையில் தனியார் பண்பலைகள் உண்டு, பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆலை வாயிலில் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தால், அதைச் செய்தியாகச் சொல்லுமா? சொந்தச் செய்திக்கு டில்லி தடைபோட்டது. மணிக்குப் பத்து நிமிடம் விடலாமென்று டிராய் பரிந்துரைத்ததே 2023-இல்தான். பத்து நிமிடம்!