அட்டைக் குன்றில் ஓர் இரவு

மாலையில் கடைசிப் படகு புறப்பட்டது. பகலெல்லாம் பீரங்கிகள் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட கூட்டம் அதில் ஏறி மணிலாவுக்குத் திரும்பிவிட்டது. கொரெகிடோர் தீவின் விடுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அங்கே கழித்தது ஒரே ஓர் இரவுதான். ஆனால் அந்த இரவு எழுப்பிய கேள்வி இன்னும் நம்மை விட்டபாடில்லை. அதைத் தோழர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம்.

கொரெகிடோர், பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலா வளைகுடாவின் வாயிலிலே கிடக்கும் சிறு தீவு. தலைப்பிரட்டை போன்ற வடிவம். இதைக் கைக்குள் வைத்திருப்பவனே மணிலாத் துறைமுகத்தின் வாசல் காவலன். ஆகவே ஸ்பானியன் அங்கே காவல் வைத்தான். 1898-இல் பிலிப்பைன்சைத் தன் உடைமையாக்கிக்கொண்ட அமெரிக்கா, தீவெங்கும் பீரங்கி மேடைகள் எழுப்பியது. காவல் காத்தவர் எல்லாம் அயலார். காக்கப்பட்டதோ பிலிப்பினோவின் மண்!

இரவு, கைவிளக்குடன் மலிந்தா சுரங்கத்துக்குள் நுழைந்தோம். 831 அடி நீளம். இருபுறமும் கிளைக் குகைகள். உள்ளே ஆயிரம் படுக்கை கொண்ட மருத்துவமனை இருந்திருக்கிறது. தளபதிகளின் அலுவலகம் இருந்திருக்கிறது. 1941 டிசம்பர் 30-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் கேசோன் தமது இரண்டாம் பதவிக்காலத்துக்கு உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் இந்தச் சுரங்க வாயிலில்தான்.

“மலிந்தா என்றால் என்ன பொருள்?” என்று வழிகாட்டியைக் கேட்டோம். “எங்கள் மொழியில் ‘அட்டைகள் நிறைந்த இடம்’ என்று பொருள் ஐயா” என்றார் அவர். அட்டை! குருதி குடிக்கும் அட்டை! பொருத்தமான பெயர்தான் என்று எண்ணிக்கொண்டோம். ஏன் தெரியுமா?

1922-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் இந்தக் குன்றைக் குடைந்தார்கள். குடைந்தவர் யார்? மணிலாவின் பிலிபிட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் அவர்களிலே பெரும் பங்கினர். பாறையை உடைக்கக் கொடுத்த வெடிமருந்தோ, படைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது! அங்கே இறங்குதுறைக்கு அருகே தளபதி மக்கார்தருக்குச் சிலை இருக்கிறது. மலையைக் குடைந்த கைதியின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? நாம் தேடினோம், கண்ணில் படவில்லை.

போர் வந்தது. 1942 மார்ச் 11-ஆம் நாள் இரவு, மேலிடத்து ஆணைப்படி மக்கார்தர் சிறு படகேறித் தீவை விட்டு வெளியேறினார். ஆஸ்திரேலியா சென்றடைந்து, “நான் மீண்டும் வருவேன்” என்றார். படகிலே இடமில்லாதவர்கள் தங்கிப் போரிட்டார்கள். ஏப்ரல் 9-இல் எதிர்க்கரையான பத்தான் வீழ்ந்தது. மே 6-இல் கொரெகிடோரும் வீழ்ந்தது. பிலிப்பினோவும் அமெரிக்கருமாகப் பதினோராயிரம் பேர் அளவில் சிறைப்பட்டனர். வென்ற ஜப்பானியன் என்ன செய்தான்? “ஆசியா ஆசியருக்கே” என்று முழங்கியவன், பத்தான் கைதிகளைக் கொளுத்தும் வெயிலில் நடத்தியே கொன்றான். 1945-இல் மணிலா மீட்கப்பட்ட போரில் மாண்ட குடிமக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். முழக்கம் வேறு, முகம் வேறு!

மக்கார்தர் சொன்னபடி 1944 அக்டோபர் 20-இல் லெய்ட்டித் தீவிலே கால் வைத்தார். சொன்ன சொல்லைக் காத்தவர் என்று உலகம் போற்றுகிறது. போற்றட்டும். நாம் கேட்பது இன்னொரு சொல்லைப் பற்றி.

தீவின் உச்சியில் 1968-இல் எழுப்பிய நினைவு மண்டபம் உள்ளது. அருகே இரு வீரர்களின் சிலை. ஒருவன் அமெரிக்கன், மற்றவன் பிலிப்பினோ. ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து நடக்கிறான். தோழமை என்றால் இதுவன்றோ என்று கண் கலங்கும். ஆனால் தோழர்களே, கல்லிலே காட்டிய தோழமை கணக்கிலே என்னவாயிற்று என்பதையும் கேளுங்கள்.

1941 ஜூலை 26-ஆம் நாள், அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் பிலிப்பைன்ஸ் படையைத் தம் நாட்டுப் படையின் கீழ் அழைத்து ஆணையிட்டார். அமெரிக்கக் கொடியின் கீழ் போரிடுகிறோம், அமெரிக்க வீரனுக்கு உரியது நமக்கும் உரியது என்று நம்பி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தினர். போர் முடிந்தது. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள், ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. பிலிப்பைன்ஸ் படைக்கென 20 கோடி டாலர் ஒதுக்கியது அது. ஒதுக்கிய கையோடு, அந்த வீரர்களின் பணி, பெரும்பாலான உரிமைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கப் படைப் பணியே அன்று என்று எழுதி வைத்தது! குண்டு பாய்ந்தபோது அது பணி. கூலி கேட்டபோது பணி அன்று! ஐந்து திங்களுக்குள், ஜூலை 4-இல், நாட்டுக்கு விடுதலை கிடைத்தது. வீரனுக்கு வெறுங்கை கிடைத்தது.

கிழவர்கள் ஓயவில்லை. மனுச் செய்தனர், மன்றாடினர். 1997-இல் வெள்ளை மாளிகை வேலியிலே தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். 2009 பிப்ரவரி 17-இல், அறுபத்து மூன்று ஆண்டுகள் நிறைய ஒரே நாள் இருக்கையில், ஒரு சட்டம் பிறந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், பெறாதவருக்கு 9,000 டாலர், ஒரே முறை! ஒரே பதுங்குகுழியில் கிடந்தவருக்கு இரு விலை! 2017-இல் தங்கப் பதக்கமும் வந்தது. பெற்றுக்கொள்ள எத்தனை பேர் உயிரோடு இருந்தனர்? பெரும்பாலோர் அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டனர்.

விடியற்காலையில் குன்றின்மேல் நின்றோம். கடல் அமைதியாக இருந்தது. முதல் படகு தொலைவில் புள்ளியாகத் தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் புதிய கூட்டம் வந்திறங்கும், சிலைக்கு முன்னே நிற்கும், படம் எடுத்துக்கொள்ளும்.

சிலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் உழைக்கும் தோழன் ஒன்றை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். நெருக்கடி வேளையில் “நீ என் உடன்பிறப்பு” என்பார்கள். நெருக்கடி தீர்ந்ததும் “நீ யார்?” என்பார்கள். சட்டத்தில் எழுதிய உரிமையையே இன்னொரு சட்டத்தால் அழிக்கலாம் என்றால், வாய்ச்சொல் எம்மாத்திரம்? அந்த முதியவர்களுக்குச் சிறிதேனும் கிடைத்ததென்றால், அது கொடுத்தவன் கருணையால் அன்று. கேட்டவர்கள் கூடி நின்றதால், விடாமல் கேட்டதால்.

தோளில் கைபோடுகிறவனைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் கணக்கையும் அப்போதே கேட்போம். கூடி நின்று கேட்போம்!