பொல்லடிக்கும் பலேக்கும் ஒரே காது போதும்

பலே இசையைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் வந்த முதல் கேள்வி, "கல்முனைக்கு இது எதுக்கு?" இரண்டாவது அதைவிட மோசம்: "அதெல்லாம் விளங்க ஒரு தரம் வேணும்." முதல் கேள்விக்குப் பதில் தெருவிலேயே இருக்கிறது. பின்னேரம் சூன் பாண் ஓட்டோ போட்டுக்கொண்டு வருகிற மெட்டு பீத்தோவனுடையது. அது பலே இல்லைதான். ஆனால் மாலுபாண் வாங்க ஓடுகிற பிள்ளையிடம் இதுவரை யாரும் தரம் கேட்டதில்லை.

எங்கட சண்டை இரண்டாவது ஆளோடுதான். பலே இசை ஆடுகிற காலுக்காக எழுதின இசை. வசனம் இல்லை, பாட்டு வரி இல்லை. கதையை வாத்தியமும் உடம்பும்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள், தாளமும் தெளிவு. புதிதாய்க் கேட்கிறவருக்கு சிம்பொனியைவிட இதுதான் இலகு. (இசையே கூடாது என்பவர்களோடு வாதாட இந்தக் கட்டுரையில் வரவில்லை.)

தரம் பார்க்கிறவர்களின் கதையைக் கேளுங்கள். சாய்கோவ்ஸ்கியின் 'அன்னத் தடாகம்' 1877ல் மொஸ்கோவில் மேடையேறியபோது எடுபடவில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு கனமான இசை எதுக்கு என்றார்கள். அவர் 1893ல் மௌத்தானார். 1895ல் பீட்டர்ஸ்பேர்க்கில் புதிதாக அமைத்து ஆடிய பிறகுதான் அது இன்றைய புகழுக்கு வந்தது.

அதே ஆளின் 'நட்கிராக்கர்' (1892) பலேயில் 'அரேபிய நடனம்' என்று ஒரு துண்டு இருக்கிறது. அழகான துண்டு. ஆனால் அதன் மெட்டு ஜோர்ஜிய நாட்டுத் தாலாட்டு! ரிம்ஸ்கி கோர்சகோவ் 1888ல் எழுதிய 'ஷெஹரசாட்' இசையை எடுத்து 1910ல் பாரிஸில் பலே ஆக்கினார்கள். மேடையில் சுல்தான், அந்தப்புரம், வாள்வெட்டு. இசை உண்மையிலேயே பெரிது. கதையோ முஸ்லிம்களைப் பற்றி அவர்கள் கண்ட கனவு. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் அது பிடிபடாது.

இப்ப ரவேலின் 'பொலேரோ'. 1928ல் பலேக்கென்றே எழுதியது. கால் மணித்தியாலம் ஒரே தாளத்தை ஒரு சின்னப் பறை விடாமல் அடிக்கும். இதைக் கேட்டதும் எங்களுக்கு ஞாபகம் வந்தது பொல்லடி. வட்டமாய் நின்று, இரண்டு பொல்லோடு, அண்ணாவியாரின் பாட்டுக்கு மெதுவாய்த் தொடங்கி, போகப் போக வேகம் ஏறும். ரவேல் வேகத்தைத் தொடவில்லை, சத்தத்தை மட்டும் ஏற்றுகிறார். இரண்டிலும் கேட்கிறவனுக்கு நெஞ்சு அடிக்கும்.

ஆனால் பொல்லடியை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? அமைச்சர் வருகிற நாளில், வாசலில், மாலைக்கும் பேச்சுக்கும் நடுவில். வேகம் ஏறத் தொடங்கும்போது பிரமுகர் மேடைக்குப் போய்விடுவார், பொல்லும் நின்றுவிடும். முழுசாய் ஒரு ஆட்டம் பார்த்தவர்கள் எங்கள் வயதில் எத்தனை பேர்? ஆர்மேனியரான கச்சதூரியன் காக்கேசியக் கிராமத்து ஆட்டங்களின் மெட்டையும் தாளத்தையும் எடுத்து 1942ல் 'கயானே' பலேயைச் செய்தார். கதை நடப்பது ஒரு கூட்டுப் பண்ணையில். அதில் வருகிற 'வாள் நடனம்' இரண்டரை நிமிஷம்தான், உலகமே கேட்கிறது.

தூரம் போகவும் தேவையில்லை. 1961ல் சித்ரசேன 'கரதிய' என்ற பலேயைச் செய்தார், இசை அமரதேவ. மீன்பிடிக் கிராமத்துக் கதை. தோணியும் வலையும் எங்கட கரையிலும் இருக்கிறது. அதைத் தமிழில் ஆடவும் இசையமைக்கவும் யாருக்குத் தோன்றியது? கேட்டால் நிதி இல்லை என்பார்கள். வரவேற்பு வளைவுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

இன்று இரவு ஹெட்போனைப் போட்டு 'பொலேரோ'வை முழுசாய்க் கேளுங்கள், இடையில் தள்ளிவிட வேண்டாம். அடுத்த கலியாணத்திலோ விழாவிலோ பொல்லடி வந்தால் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாமல் அண்ணாவியார் பக்கத்தில் போய் நில்லுங்கள். போனை எடுத்து, கடைசி அடி வரைக்கும் பதிவு செய்யுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள்.